கல்பாக்கம் கண்ட்ரோல் ரூமும் மயிலாப்பூர் வாத்தியாரும்

போன மாதம் தாத்தாவுக்குத் திவசம். மயிலாப்பூரில் பெரியப்பா வீட்டில். வாத்தியார் வந்து உட்கார்ந்தார், பையிலிருந்து புத்தகத்தை எடுப்பார் என்று பார்த்தால் மொபைலை எடுத்தார். பிரயோகம் முழுக்க பிடிஎஃப்-ஆக உள்ளே இருக்கிறதாம். கனமும் இல்லை, கண்ணாடி இல்லாமலே பெரிசு பண்ணிப் படித்துக்கொள்ளலாம் என்றார். நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். பாதியில் யாரோ போன் பண்ணினார்கள். கட் பண்ணிவிட்டுத் திரும்பி வந்தால் பக்கம் எங்கேயோ ஓடிவிட்டது! விரலால் மேலே தள்ளுகிறார், கீழே தள்ளுகிறார்... எந்த இடத்தில் விட்டோம் என்பது பிடிபடவே இல்லை. புத்தகமாக இருந்திருந்தால் கட்டைவிரல் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

அவர் எப்படிச் சமாளித்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். எனக்கு அந்த நிமிஷம் சிரிப்பு வரவில்லை (வந்திருந்தால் பெரியப்பா முதுகைப் பதம் பார்த்திருப்பார், அது வேறு விஷயம்). காரணம், அந்த வாரம்தான் ப்ராசஸ் கண்ட்ரோல் பாடத்துக்காக இதே பிரச்சனையைப் படித்துக்கொண்டிருந்தேன். அணு உலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, ரசாயனத் தொழிற்சாலை எல்லாவற்றிலும் கண்ட்ரோல் ரூம் என்று ஒன்று உண்டு. அங்கே வேலை செய்பவர் கையில் 'ப்ரொசீஜர்' என்று ஒரு கையேடு உண்டு. இன்ன அலாரம் வந்தால் இதைச் செய், அது நடந்ததா என்று பார், நடக்காவிட்டால் அந்தப் பக்கத்துக்குப் போ என்று படிப்படியாக எழுதியிருக்கும். நாற்பது வருஷத்துக்கும் மேலாக உலகம் முழுக்க இந்தக் கையேட்டைக் காகிதத்திலிருந்து கம்ப்யூட்டர் திரைக்கு மாற்றப் பார்க்கிறார்கள். எதற்காக? மனிதத் தவறைக் குறைக்க. குறைந்ததா? அந்தக் கதைதான் இது.

கதை தொடங்கும் இடம் அமெரிக்கா என்றாலும் அதைச் சொல்லாமல் நம்ம ஊருக்கு வர முடியாது. 1979 மார்ச் 28, விடியற்காலை நான்கு மணி. பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம், இரண்டாவது யூனிட். தண்ணீர் அனுப்பும் பம்புகள் நின்றன, டர்பைன் நின்றது, சில நொடிகளில் உலையும் தானாகவே நின்றது. இதுவரை எல்லாம் ஒழுங்கு. அழுத்தம் ஏறியதால் ஒரு வால்வு திறந்தது, நம்ம வீட்டு குக்கரில் வெயிட் தூக்கிக்கொண்டு ஆவி போகுமே, அந்த மாதிரி. அழுத்தம் இறங்கியதும் அது மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை. சிக்கிக்கொண்டு திறந்தே கிடந்தது. உலையைக் குளிர்விக்க வேண்டிய தண்ணீர் அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்களுக்கு அது ஏன் தெரியவில்லை? பேனலில் அந்த வால்வுக்கு ஒரு விளக்கு இருந்தது. விளக்கு அணைந்துவிட்டது, ஆகவே வால்வு மூடிவிட்டது என்று நினைத்தார்கள். ஆனால் அந்த விளக்கு காட்டியது "மூடு என்று உத்தரவு போய்விட்டது" என்பதை மட்டும்தான்! உத்தரவு போவதும் காரியம் நடப்பதும் ஒன்றல்ல என்பது எந்த அரசு அலுவலகத்துக்காவது போய் வந்த நமக்கெல்லாம் தெரியும். பேனலை வடிவமைத்தவர்களுக்குத் தெரியவில்லை. இன்னொரு பக்கம், அவசரத்துக்குத் தண்ணீர் அனுப்ப வேண்டிய குழாயின் வால்வுகள் முன்பு நடந்த ஒரு சோதனைக்குப் பிறகு மூடியே கிடந்தன. அதைக் காட்டும் விளக்குகளில் ஒன்றின் மேல் ஒரு மஞ்சள் மராமத்து அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு நிமிஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

முதல் சில நிமிஷங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றையும் வரிசையாக பிரிண்டரில் அடித்துக்கொண்டிருந்தது. பிரிண்டரால் ஈடுகொடுக்க முடியாமல் ஒரு கட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கிவிட்டது. ஆறு மணிக்கு நிற்பவர் கையில் நாலு மணியின் செய்தி! அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவர்களில் ஒருவர் புதுக் கண்ணோடு பார்த்து, அந்தச் சிக்கிய வால்வின் வழியை அடைக்கச் சொன்னபோது இரண்டு மணி இருபது நிமிஷம் ஓடிவிட்டிருந்தது. அதற்குள் ஆபரேட்டர்களே அவசரத் தண்ணீரை வேறு குறைத்துவிட்டார்கள். ஏனென்றால் ஒரு மீட்டர் தண்ணீர் மட்டம் அதிகம் என்று காட்டியது. தொட்டி நிரம்பி வழியக் கூடாது என்றுதான் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். உலையின் எரிபொருளில் ஏறத்தாழ பாதி உருகிப்போனது.

இதை விசாரிக்க அமெரிக்க அதிபர் போட்ட கமிஷனுக்குத் தலைவர் யார் தெரியுமா? ஜான் கெமெனி. ஸ்கூலில் கம்ப்யூட்டர் வகுப்பில் பேசிக் மொழி கற்றவர்கள் உண்டல்லவா, அதை 1964ல் தாமஸ் கர்ட்ஸோடு சேர்ந்து உருவாக்கிய அதே கெமெனி. ஆபரேட்டர்கள் தவறு செய்தார்கள் என்று அவர் அறிக்கையும் சொன்னது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. குழப்பமான ப்ரொசீஜர், போதாத பயிற்சி, நெருக்கடியில் உதவாத கண்ட்ரோல் ரூம், இவற்றை வைத்துக்கொண்டு மனிதனைத் தவறு செய்ய விட்டது யார் என்று கேட்டது. 1977 செப்டம்பரில் ஒஹையோவில் டேவிஸ்-பெஸ்ஸி என்ற நிலையத்தில் இதே போல வால்வு சிக்கி, இதே போல ஆபரேட்டர்கள் தண்ணீரைக் குறைத்திருந்தார்கள். அங்கே பிழைத்துக்கொண்டார்கள். அந்தப் பாடம் த்ரீ மைல் ஐலண்ட் ஆபரேட்டர்களின் கையேட்டுக்கு வந்து சேரவில்லை.

இங்கேதான் எனக்குப் பிடித்த திருப்பம். 1979க்கு முன்பு வரை ப்ரொசீஜர்கள் எல்லாம் 'என்ன நடந்தது' என்பதை வைத்து எழுதப்பட்டவை. குழாய் உடைந்தால் இந்தப் புத்தகம், பம்ப் நின்றால் அந்தப் புத்தகம். ஆக, சரியான புத்தகத்தை எடுப்பதற்கு முன்னாலேயே என்ன நடந்தது என்று ஆபரேட்டர் கண்டுபிடித்திருக்க வேண்டும். டாக்டரிடம் போனால் "உனக்கு என்ன வியாதி என்று முதலில் நீ சொல், பிறகு மருந்து சொல்கிறேன்" என்பது போல! நூறு அலாரம் அலறும்போது, அதுவும் ஒன்றுக்கு இரண்டு கோளாறு ஒரே நேரத்தில் வரும்போது, யாரால் சரியாகச் சொல்ல முடியும்?

1979க்குப் பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். என்ன நடந்தது என்று யோசிக்காதே, இப்போது என்ன தெரிகிறது என்று பார். அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, உலை மூடியிருக்கிறதா, வெப்பம் வெளியேறுகிறதா. இதற்கு 'அறிகுறி சார்ந்த ப்ரொசீஜர்' என்று பெயர். பக்கத்தின் அமைப்பே மாறியது. இரண்டு பத்தி. இடது பக்கம் செய்ய வேண்டியதும் அதற்கு எதிர்பார்க்கும் விளைவும். வலது பக்கம், அந்த விளைவு கிடைக்காவிட்டால் என்ன செய்வது. உத்தரவு போட்டால் போதாது, நடந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரி. சிக்கிய வால்வு கற்றுக்கொடுத்த பாடம் அப்படியே காகிதத்தில் பத்தி பிரித்து உட்கார்ந்துவிட்டது.

இப்போது வாத்தியாரிடம் வருகிறேன். பக்கம் தொலைந்துபோன வாத்தியார் கடைசியில் போனைக் கீழே வைத்தார். பெரியப்பா முன்னால் இருந்த தர்ப்பையைப் பார்த்தார். "மாமா, எத்தனை பிண்டம் வெச்சிருக்கேள்?" என்று கேட்டார். பெரியப்பா சொன்னதும், "ஓ, அப்போ இதுதான்" என்று மடமடவென்று மந்திரத்தைத் தொடர்ந்தார். எந்தப் பக்கத்தில் விட்டோம் என்று நினைவுபடுத்திக்கொள்ள அவர் முயலவில்லை. எதிரில் என்ன இருக்கிறது என்று பார்த்தார், இடம் தானாக வந்துவிட்டது. மேலே சொன்ன திருப்பத்தை இதைவிட எளிதாக எனக்கு யாரும் விளக்கியதில்லை!

சரி, கம்ப்யூட்டர் எங்கே வந்தது? முதலில் உதவிக்குத்தான். விபத்துக்குப் பிறகு அமெரிக்காவில் ஒவ்வொரு அணுமின் நிலையத்திலும் முக்கியமான அளவுகளை மட்டும் ஒரே இடத்தில் காட்டும் திரை கட்டாயமானது. நார்வேயில் ஹால்டன் என்ற ஊரில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சித் திட்டத்தில் ஒரு பொய்க் கண்ட்ரோல் ரூமே கட்டி, ஆபரேட்டர்களை உட்காரவைத்து, எந்தத் திரை உதவுகிறது எது குழப்புகிறது என்று வருஷக்கணக்கில் பார்த்தார்கள். பிரான்ஸ் ஒரே தாவலாகத் தாவியது. 1996ல் மின் தொகுப்பில் சேர்ந்த ஷூஸ் பி நிலையத்தில் சுவர் நிறைய பேனலுக்குப் பதில் கம்ப்யூட்டர் மேஜைகள், ப்ரொசீஜர்களும் திரையிலேயே.

திரை ப்ரொசீஜரிலும் மூன்று ரகம் உண்டு. முதல் ரகம் வாத்தியாரின் பிடிஎஃப். காகிதத்தின் படம், அவ்வளவுதான். என் கணிப்பில் இது காகிதத்தைவிட மோசம், கட்டைவிரல் வைக்க இடம் இல்லாததால். இரண்டாவது ரகத்தில் கம்ப்யூட்டர் உணர்கருவிகளின் அளவைத் தானே படித்து அந்த வரியின் பக்கத்திலேயே காட்டும். எந்த வரி முடிந்தது, எது பாக்கி என்று குறித்து வைத்துக்கொள்ளும். "அழுத்தம் குறைந்தால் உடனே இதைச் செய்" என்று பத்துப் பக்கம் முன்னால் சொன்ன நிபந்தனையை மறக்காமல் கவனித்துக்கொண்டே இருக்கும். காகிதத்தால் முடியாத காரியம் இது. மூன்றாவது ரகத்தில் ஆபரேட்டர் சரி என்று ஒரு பொத்தானைத் தட்டினால் பல படிகளைக் கம்ப்யூட்டரே செய்துவிடும்.

மூன்றாவது ரகம்தானே உச்சம், எல்லோரும் அதற்கே போய்விடலாமே என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983லேயே ஒரு சின்னக் கட்டுரையில் இதில் இருக்கும் முரணைச் சொல்லிவிட்டார். சுலபமான வேலையை எல்லாம் எந்திரத்திடம் கொடுத்துவிட்டு, எந்திரத்துக்கே புரியாத வேலையை மட்டும் மனிதனிடம் விடுகிறோம். தினமும் செய்து கை பழகாத மனிதன், மிகக் கஷ்டமான நாளில் மட்டும் வந்து காப்பாற்ற வேண்டும்!

இனி நம்ம பக்கம். அடையாறிலிருந்து திருவான்மியூர் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தையும் கடந்து போனால் கல்பாக்கம். சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் எஃப்.பி.டி.ஆர். என்ற சோதனை உலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. குளிர்விக்கத் தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியம். சோடியத்தில் ஒரு தொல்லை, அதன் வழியாக எதையும் பார்க்க முடியாது. தண்ணீரில் இருக்கும் எரிபொருளைக் கண்ணால் பார்த்துத் தூக்கலாம். சோடியத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு பானைக்குள் கையை விட்ட கதைதான். உலையின் மூடியில் சுழலும் வட்டங்கள் இரண்டு. அவற்றைத் திருப்பித் திருப்பி, எரிபொருள் தூக்கும் எந்திரத்தை வேண்டிய இடத்துக்கு நேராகக் கொண்டுவருவார்கள். ஆகவே ஒரே ஒரு விதி உயிர் நாடி: தூக்கிய எரிபொருள் கட்டு முழுசாக மேலே வந்து சேரும்வரை மூடியைத் திருப்பக் கூடாது. கண்ணால் பார்க்க முடியாது என்பதால் இதற்குத் தானியங்கிப் பூட்டும் வைத்திருந்தார்கள். எரிபொருள் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் மூடி திரும்பாது.

1987 மே மாதம் அந்தப் பூட்டு பைபாஸ் செய்யப்பட்ட நிலையில் இருந்தது. எரிபொருள் கட்டின் அடிப்பாகம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும்போதே மூடி திரும்பியது. எரிபொருள் கட்டு வளைந்தது, அதைத் தாங்கிப் போகும் வழிகாட்டிக் குழாயும் வளைந்தது. வளைந்த குழாயை உலைக்குள்ளேயே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. உலை மறுபடி இயங்க ஏறத்தாழ இரண்டு வருஷம் ஆனது. யாருக்கும் காயம் இல்லை, ஆனால் நாட்டின் முதல் வேக ஈனுலை பிறந்த வேகத்திலேயே படுத்துவிட்டது.

இதைப் படித்ததும் நான் செய்த முதல் காரியம், 'அங்கே மட்டும் கம்ப்யூட்டர் ப்ரொசீஜர் இருந்திருந்தால்...' என்று கற்பனை செய்தது. பூட்டு பைபாஸில் இருக்கும்வரை அடுத்த வரியையே அது காட்டாமல் இருந்திருக்கும் அல்லவா? இருந்திருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், பூட்டும் ஒரு வகையில் கம்ப்யூட்டர் ப்ரொசீஜர்தான். "இது நடந்தால்தான் அது" என்று கம்பியில் எழுதப்பட்ட வரி. அந்த வரியைத் தாண்ட ஒரு வழி இருந்தது, தாண்டிவிட்டார்கள். எந்த ஆலையிலும் பைபாஸ் தேவைப்படும் நேரங்கள் உண்டு. உணர்கருவி கெட்டுப்போகும், சோதனை நடத்த வேண்டியிருக்கும். பைபாஸே கூடாது என்றால் ஆலை ஓடாது. ஆகவே திரையில் எழுதுகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் வழக்கமான பத்துப் படிகள் அல்ல. ஒரு படியைத் தாண்டினால் அது யாருக்குத் தெரியும், எவ்வளவு நேரம் தெரியும், அடுத்த ஷிஃப்டுக்கு வருபவரின் திரையில் அது பளிச்சென்று நிற்குமா என்பதுதான். த்ரீ மைல் ஐலண்டின் மஞ்சள் அட்டையும் கல்பாக்கத்தின் பைபாஸும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. முந்தைய வேலையின் மிச்சம், இப்போது நிற்பவருக்குத் தெரிகிறதா?

அடுத்தது நரோரா. உத்தரப் பிரதேசம். 1993 மார்ச் 31 விடியற்காலை, முதல் யூனிட்டின் டர்பைனில் இரண்டு பிளேடுகள் உடைந்தன. அதிர்வில் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள்கள் வழியாகப் பரவியது. ஆபரேட்டர்கள் ஒரு நிமிஷத்துக்குள் உலையைக் கையால் நிறுத்திவிட்டார்கள், குளிர்விக்கும் வேலையையும் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு கேபிள் எரிந்து நிலையம் முழுக்க மின்சாரம் போனது, சுமார் 17 மணி நேரத்துக்கு. கண்ட்ரோல் ரூமுக்குள் புகை நுழைந்து எல்லோரும் வெளியேற வேண்டியதாயிற்று. சிலர் டார்ச் விளக்கோடு உலைக் கட்டிடத்தின் மேலே ஏறி, போரான் கரைசல் உலைக்குள் இறங்குவதற்கான வால்வுகளைக் கையால் திறந்தார்கள். டீசல் தீயணைப்பு பம்புகளால் தண்ணீர் கொடுத்தார்கள். கதிர்வீச்சு வெளியே போகவில்லை.

இந்த இடத்தில் திரை ப்ரொசீஜரை நினைத்துப் பாருங்கள். திரை கறுப்பு, அறையில் புகை. அன்று வேலை செய்தது மனப்பாடமும் காலும் டார்ச்சும். பிரான்ஸின் ஷூஸ் பி நிலையத்திலும் இதை யோசித்துத்தான், கம்ப்யூட்டர் கைவிட்டால் பயன்படுத்தப் பழைய பாணி பேனல் ஒன்றும் காகிதக் கையேடுகளும் தனியே வைத்தார்கள். ஆனால் இரண்டு வகையிலும் கை பழகியிருக்க வேண்டும் அல்லவா? பத்து வருஷம் திரையைத் தட்டியவர் பதினோராவது வருஷம் ஒரு ராத்திரி மட்டும் காகிதத்தைப் புரட்ட வேண்டும் என்றால்? பெயின்பிரிட்ஜ் மறுபடி வந்து நிற்கிறார்.

மறுபடி கல்பாக்கம், 2004 டிசம்பர் 26. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கே சுனாமி என்ற வார்த்தை அன்றுதான் தெரியும் என்பார்கள். சென்னை அணுமின் நிலையத்தின் வடிவமைப்பிலும் புயலால் கடல் பொங்குவது கணக்கில் இருந்தது, சுனாமி இல்லை. முதல் யூனிட் மராமத்துக்காக ஏற்கெனவே நின்றிருந்தது, இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்ப் ஹவுஸில் தண்ணீர் புகுந்து, டர்பைன் பக்கத்துக்குக் குளிர்நீர் அனுப்பும் பம்புகள் நின்றன. ஆபரேட்டர்கள் டர்பைனை நிறுத்தினார்கள், உலை பத்திரமாக நின்றது. ஊழியர் குடியிருப்பில் அன்று உயிர்கள் போயின; உலைக்கு ஒன்றும் ஆகவில்லை, சில நாட்களில் மறுபடி ஓடியது. 'சுனாமி வந்தால்' என்று ஒரு புத்தகம் இருந்து அதைத் தேடியிருந்தால்? அதற்கு அவசியமே இல்லை. குளிர்நீர் போய்விட்டதா, நிறுத்து. ஏன் போனது என்று நிறுத்திய பிறகு பார்த்துக்கொள்ளலாம். அறிகுறியைப் பார் என்ற அந்தத் திருப்பத்தின் அருமை எனக்கு இந்த இடத்தில்தான் முழுசாக உறைத்தது.

அணு உலையை மட்டுமே பேசினால் ரசாயன மாணவர்கள் கோபித்துக்கொள்வார்கள், அதனால் ஒன்று. 2005 மார்ச் 23, டெக்சாஸ் சிட்டியில் பி.பி. சுத்திகரிப்பு ஆலை. சுமார் 170 அடி உயரமுள்ள ஒரு கோபுரத்தைத் திரும்ப இயக்கத் தொடங்கினார்கள். திரவம் உள்ளே போகிறது, வெளியே போகும் வழி மணிக்கணக்கில் மூடியிருக்கிறது. மட்டம் காட்டும் கருவியோ அடியில் உள்ள சில அடிகளை மட்டுமே அளக்கக் கூடியது. அதுவும் தப்பாக, மட்டம் எட்டு அடிக்குக் கீழே இறங்கிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. உண்மையில் கோபுரம் ஏறக்குறைய உச்சிவரை நிரம்பியிருந்தது. வெடித்து 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். விசாரணையில் தெரிந்த பல குறைகளில் என் மனதில் தைத்தது ஒன்றுதான். உள்ளே போகும் அளவு ஒரு திரையில், வெளியே வரும் அளவு வேறு திரையில்! இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்திருந்தால் எட்டாம் வகுப்புத் தொட்டிக் கணக்கு போட்டே கண்டுபிடித்திருக்கலாம். ஸ்டார்ட்-அப் ப்ரொசீஜரும் இருக்கத்தான் இருந்தது. அதை அப்படியே பின்பற்றாமல் இயக்குவது அங்கே பழக்கமாகியிருந்தது, அந்தப் பழக்கத்தைப் பார்த்து யாரும் புத்தகத்தைத் திருத்தவும் இல்லை.

பழைய சுவர் பேனலில் எல்லா மீட்டரும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். தூரத்தில் நிற்கும் சூப்பர்வைசருக்கும் படும். திரைக்கு மாறும்போது ஆலை முழுவதையும் ஒரு சாவித்துவாரம் வழியாகப் பார்க்கிறோம். ஒன்றைப் பார்க்க இன்னொன்றை மூட வேண்டும். ப்ரொசீஜரும் அதே திரையில் ஏறி உட்கார்ந்தால் துவாரம் இன்னும் சிறியதாகிறது.

ஆபரேட்டர் உண்மையில் எங்கே பார்க்கிறார் என்று அளந்து பார்த்தால் என்ன? இந்த வேலை நடக்கும் இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அடையாறை ஒட்டிய ஐஐடி மெட்ராஸ் வளாகம். வேதிப் பொறியியல் துறைப் பேராசிரியர் ராஜகோபாலன் சீனிவாசனும் அவர் குழுவினரும் 2010களிலிருந்து செய்துவரும் ஆராய்ச்சி இது. எத்தனால் தயாரிக்கும் ஆலை ஒன்றைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, மாணவர்களை ஆபரேட்டராக உட்காரவைத்து, கோளாறுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, கண்பார்வை திரையில் எங்கெங்கே போகிறது என்று கருவியால் பதிவு செய்தார்கள். கோளாறைச் சரிசெய்தவர்களின் பார்வை சீக்கிரமே தேவையான சில இடங்களில் குவிந்தது. தடுமாறியவர்களின் பார்வை திரை முழுக்க அலைந்தது. இந்த அலைச்சலை எண்ணாக அளந்தால், ஒருவர் தவறு செய்யப்போகிறார் என்பதை முன்கூட்டியே ஊகிக்க முடியுமா என்பதுவரை அந்த ஆராய்ச்சி போகிறது.

எனக்கு இதில் பிடித்தது, தவறு நடந்த பிறகு ஆளைத் தேடாமல், நடக்கும் முன்பே திரையின் மேல் சந்தேகப்படலாம் என்பது. பேப்பரில் "விபத்துக்கு மனிதத் தவறே காரணம்" என்று இரண்டு வரிச் செய்தி படித்துவிட்டுப் பக்கம் புரட்டுகிறோமே, அந்த இரண்டு வரிக்கு இடையில் அணைந்த விளக்கும் மஞ்சள் அட்டையும் தனித்தனித் திரையும் இருந்திருக்கலாம். அதே சமயம் எனக்கு ஒரு பயமும் உண்டு. கண்ணை அளக்கும் கருவியைக் கண்ட்ரோல் ரூமில் வைத்தால், நாளை விசாரணையில் "நீ ஏன் அந்த மூலையைப் பார்க்கவில்லை? இதோ ஆதாரம்" என்று ஆபரேட்டரைக் குடைய அதுவே பயன்படலாம். திரையைத் திருத்தக் கொடுத்த கருவியை ஆளைத் திருத்தப் பயன்படுத்துவது நமக்குக் கைவந்த கலை ஆயிற்றே.

கல்பாக்கத்தில் இப்போது 500 மெகாவாட் பி.எஃப்.பி.ஆர். வந்திருக்கிறது. அதன் ஆபரேட்டர்கள் பழகுவதற்கென்றே முழு கண்ட்ரோல் ரூமைப் போலச் செய்த கால்பிஆர்-சிம் என்ற சிமுலேட்டரை அங்கேயே உருவாக்கியிருக்கிறார்கள். நிஜ உலையில் பார்க்கவே கூடாத நாட்களை அங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், தப்பு செய்யலாம், திரும்ப முதலிலிருந்து ஓட்டலாம். த்ரீ மைல் ஐலண்டில் அந்த விடியற்காலை நின்றவர்கள், அப்படி ஒரு நாளை முதல் தடவையாக நிஜத்தில்தான் பார்த்தார்கள்.

பி.கு.: வாத்தியார் அடுத்த மாசத் தர்ப்பணத்துக்கு வந்தபோது நான் கவனித்தேன். மொபைல்தான், ஆனால் உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஏரோப்ளேன் மோடில் போட்டார். பையில் பழைய புத்தகமும் இருந்தது, நடுவில் ஒரு தர்ப்பைப் புல் செருகியிருந்தது :-)